மகிழமரத்தடியில் கொட்டிய சவுடு

செல்லத்துரைக்குத் தண்ணீர் என்றால் பயம். குடவாசல் பக்கத்து விவசாயி வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய பயமல்ல அது. சின்ன வயதில் ஒரு கார்த்திகை வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து, விதைநெல் மூட்டையோடு முளைத்துக் கிடந்ததைப் பார்த்தவர். பிறகு குவைத்தில் தோட்டவேலை பார்த்தபோதும், ஊரில் மழை என்று கேள்விப்பட்டால் போதும், உடனே போன் போட்டு, "வாசப்படி வரைக்கும் வந்துடுச்சா?" என்பார். திரும்பி வந்து வீடு கட்டினார். தெருவிலேயே அதுதான் உயரம்; வாசலுக்கு ஏறவே பத்துப் படி.

"வீடு கட்டுறீங்களா, மலைக்கோயில் கட்டுறீங்களா?" என்று கேட்டாள் மனைவி நீலாயதாட்சி.

பக்கவாதம் வந்து இடதுகால் இழுத்துக்கொண்ட பிறகு அந்தப் படிகளே அவளுக்குப் பகையாயின. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் நாளெல்லாம் பேசமாட்டாள். எப்படியோ கைத்தாங்கலாக இறக்கி, தெருக்கோடியிலிருந்த பாழடைந்த பூங்காவுக்குக் கூட்டிப்போவார். அங்கே ஒரு மகிழமரம். அதன் நிழலில் உட்கார்ந்துவிட்டால் போதும், குழறிய நாக்கோடே போகிறவர் வருகிறவரையெல்லாம் வம்புக்கிழுப்பாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் செல்லத்துரை மற்ற நேரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பூங்காவைச் சீரமைக்க ஏற்பாடாயிற்று. வரைபடம் போட வந்த பிரதீபா, தெருக்காரர்களை மரத்தடியில் கூட்டி என்னென்ன வேண்டும் என்று கேட்டாள். ஊஞ்சல் என்றார்கள், விளக்கு என்றார்கள். செல்லத்துரை எழுந்தார்.

"மொதல்ல சவுடு மண்ணு அடிச்சு, தரைய ரோட்டுக்கு மேல தூக்குங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

"தூக்கலாங்க ஐயா. ஆனா மரத்தைச் சுத்தி மட்டும் பழைய மட்டத்துலயே விடணும். அடிமரத்தைப் புதைச்சா வேருக்கு மூச்சு முட்டிடும். சுத்திச் செவுரு வச்சு, தண்ணி வெளியேற குழாயும் போட்டிருக்கேன், பாருங்க."

"பள்ளம் விட்டா தண்ணி நிக்கும், பாசி புடிக்கும். இவ காலு வழுக்குனா நீயாம்மா வந்து தூக்குவ? குவைத்துல நான் பாக்காத மரமா?"

கூட்டம் சிரித்தது. பக்கத்து வீட்டுச் சாமிதுரை, "கோழிக்கூண்டு வெக்கிறதுன்னாலும் இங்க மண்ணடிச்சிட்டுத்தானம்மா வெப்போம்" என்றார்.

பெஞ்சிலிருந்து நீலாயதாட்சி சொன்னாள்: "எனக்கு மரம் போதுங்க. மேடு உங்களுக்குத்தான்."

அதற்கும் சிரித்தார்கள்.

பிரதீபா வரைபடத்தை மாற்றவில்லை. மரத்தைச் சுற்றி வட்டச்சுவர் எழும்பியது. அவள் வராத ஒரு நாள், கடைசி டிப்பர் லாரியைச் செல்லத்துரை கைகாட்டி நிறுத்தினார். வட்டம் நிறையச் சவுடு கொட்டவைத்து, தானே மிதித்துக் கெட்டித்தார்.

அந்த ஐப்பசியில் பூங்காவில் பொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. புது நடைபாதையில் மனைவியை மெல்ல நடத்திக்கொண்டு போனபோது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

மறுவருஷக் கோடையில் உச்சிக்கிளைகள் காய்ந்தன. வெயில்தான் என்றார். பச்சை இலையும் உதிரத் தொடங்கிய பிறகுதான் மண்வெட்டியோடு போய், யாரிடமும் சொல்லாமல் வட்டத்தைத் தோண்டினார். அடிமரத்துப் பட்டை ஈரத்துணி போலக் கையோடு வந்தது. அழுகல் வாடை.

பிரதீபா வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். "பொறுத்துப் பாப்போங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மரம் துளிர்க்கவில்லை. காற்றில் சாய்ந்துவிடும் என்று வெட்டி எடுத்துவிட்டு, பெஞ்சுக்கு மேல் தகரக்கூரை போட்டார்கள். நீலாயதாட்சி அதன் கீழே சற்று நேரம் உட்கார்ந்தாள். அனல் இறங்கியது. யாரையும் வம்புக்கிழுக்கவில்லை, அவரைக்கூட.

"வீட்டுக்குப் போயிடலாங்க."

அதன் பிறகு அவள் படியிறங்கவில்லை.

அடைமழை வந்தது. விட்ட நேரத்தில் செல்லத்துரை குடையை எடுத்துக்கொண்டு தனியாகப் போய், நடைபாதை முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்தார். செருப்பு நனையவில்லை.

"நீலா, பார்க்குல ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல" என்றார்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.