ரோண்டா தொடாமல் விட்ட பிரேக்

ரோண்டா ஸ்கேக்ஸ் அந்தக் காரில் எல்லாவற்றையும் மாற்றினாள். பின்பக்க பிரேக்கை மட்டும் தொடவில்லை. அவளுடைய கொட்டகைக்குள் எட்டிப்பார்த்த எல்லோர் கண்ணிலும் முதலில் அதுதான் பட்டது. கார், அறுபத்தொன்பதாம் வருஷத்து நோவா. நசுங்கிக் கிடந்த இடது பக்கத்தைச் சங்கிலி போட்டு இழுத்து நிமிர்த்தி, வேறொரு காரின் கதவைக் கொண்டுவந்து பொருத்தி, கருநீலம் அடித்திருந்தாள். எஞ்சின் விளக்கிக் கவிழ்த்த பாத்திரம்போல மின்னியது. பின்சக்கரங்களுக்குள் இருந்த இரண்டு பிரேக் டிரம்கள் மட்டும் துருவேறி, சேறு காய்ந்து, பழைய கோலத்திலேயே இருந்தன.

"மூஞ்சிக்கெல்லாம் பவுடர் அடிச்சுட்டு காலைக் கழுவாம விட்ட மாதிரி இருக்கு," என்றான் பர்ல். மலையடியில் இருக்கும் பந்தயப் பாதையில் சனிக்கிழமைதோறும் கார்களை வரிசையில் நிறுத்தி, புறப்படுவதற்கான விளக்கைப் போடுகிறவன் அவன். "அரை நாள் வேலைகூட இல்ல. நான் வேணா கழட்டட்டுமா?"

"அதுல கைய வச்சே, கைய ஒடிச்சிருவேன்."

"சரி தாயே. உன் காரு, உன் துரு."

அவள் சிரிக்கவில்லை. பர்லும் அதற்குமேல் கேட்கவில்லை. அந்தக் காரில்தான் அவள் தம்பி டெல்மர் செத்தான். ஒஹையோவின் அந்த மூலையில் அது தெரியாதவர்கள் யாரும் இல்லை.

ரோண்டாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை. அங்கே அவள் ஒருத்திதான் பெண், பிரேக் வேலை முழுக்க அவளிடம்தான். மலைச்சரிவில் பனி உறைந்திருக்கும் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்கும் பேருந்துகள். அவள் கைபட்ட வண்டி என்றால் ஓட்டுநர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். கணவன் என்று ஒருவன் இருந்தான். வேலை தேடி டேட்டன் நகரத்துக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அவளும் போய்க் கூப்பிடவில்லை.

நோவாவை அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் வாங்கினார்கள். ஒரு கோழிப்பண்ணைக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்தது. அவள் கட்டினாள், அவன் ஓட்டினான். "ரோண்டா கை, டெல்மர் கால்" என்று பாதையில் சொல்வார்கள். இங்கே நடக்கும் பந்தயத்தில் யார் வேகம் என்பது மட்டும் கணக்கில்லை. நம் கார் கால் மைலை எத்தனை நொடியில் கடக்கும் என்பதை நாமே வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுதவேண்டும். எழுதியதைவிடச் சீக்கிரமாகப் போய்விட்டால் தோற்றுவிடுவோம். அதனால் முன்னால் போகிறவன் முடிவுக் கோட்டுக்குக் கிட்டே வந்ததும் பிரேக்கை மிதிப்பான். மிதிக்காமல் ஜெயித்தவர்கள் குறைவு. மிதித்துக் கவிழ்ந்தவர்களும் உண்டு.

டெல்மர் வேலை பார்த்த, வண்டிகளுக்கு ஆக்சில் செய்யும் ஆலை ஒரு வசந்தத்தில் மூடப்பட்டது. அந்த ஆகஸ்டில் அவன் தன் சிவப்புக் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ரோண்டாவின் கொட்டகையில் வைத்தான்.

"நீயே வச்சுக்கோ. எனக்கு இனி இது எதுக்கு?"

"அடுத்த வேலைக்குப் போறப்ப வந்து கெஞ்சுவ. வாடகை கேப்பேன், பாத்துக்கோ."

"கேளு, கேளு," என்று சொல்லிவிட்டுப் போனான். வேலை போன வருத்தம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த வாரம் வியாழக்கிழமை நோவாவின் பின்சக்கரங்களுக்குப் புது பிரேக் கட்டைகள் போட்டாள். சனிக்கிழமை மாலை, கோட்டைத் தாண்டும் இடத்தில், முன்னால் போய்க்கொண்டிருந்த நோவா சட்டென்று இடதுபுறம் திரும்பி கான்கிரீட் சுவரில் மோதியது. டயர் எதுவும் வெடிக்கவில்லை, அதை அன்றைக்கே பார்த்துவிட்டார்கள். கோட்டருகே மிதித்திருப்பான், பின் பிரேக் ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்திருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்துக் கூடத்தில் உருளைக்கிழங்கு சாலட்டும் பன்றித் தொடைக்கறியும் பரிமாறிக்கொண்டிருந்தபோது டெல்மரின் மனைவி மார்லா எழுந்து வந்து ரோண்டாவின் முன்னால் நின்றாள்.

"கடைசியா அதுல கை வச்சது நீதானே?"

ரோண்டா தட்டைக் கீழே வைத்தாள். தான் போட்ட பிரேக்தான் இழுத்ததா என்று உண்மையில் அவளுக்கே தெரியாது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் மார்லா அவளோடு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்குத் தம்பி பெண்களுக்கு ரோண்டா அனுப்பிய பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன.

அதற்காகத்தான் அவள் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து நோவாவை மீட்டு வந்தாள். தம்பிமேல் இருந்த பாசத்தால் காரை மறுபடி கட்டுகிறாள் என்றார்கள் சிலர். பைத்தியம் என்றார்கள் சிலர். இரண்டும் இல்லை. பின் பிரேக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சரியாக்கி, அதே இடத்தில், அதே வேகத்தில் மிதித்துப் பார்க்கவேண்டும். டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் போதாதா என்றால், போதாது. கழற்றினால் அதன் இறுக்கம் மாறிவிடும். மேசைமேல் ஒழுங்காகத் தெரிகிற பிரேக், ஓட்டத்தில் என்ன செய்யும் என்பது ஓடினால்தான் தெரியும். அவள் கொன்றாளா இல்லையா என்பதற்கான பதில் அந்தத் துருவுக்குள் அப்படியே இருந்தது.

வேலை நாலு குளிர்காலம் இழுத்தது. மண்ணெண்ணெய் அடுப்பின் பக்கத்தில் விரல்களைச் சூடுகாட்டிக்கொண்டு வெல்டிங் வைத்தாள். தலைக்கு மேலே வளையும் பாதுகாப்புக் குழாய்களை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக வளைத்தாள். சிதைந்துபோன முன் பிரேக்குகளைப் புதிதாகப் போட்டாள். பின்னால் போகும் பிரேக் குழாயை அப்படியே விட்டாள். தரைவிரிப்பைத் தூக்கும்போதெல்லாம் கண்ணாடித் துகள்கள் உதிர்ந்தன. பெருக்கி முடித்தாயிற்று என்று நினைத்தபிறகும் மறுநாள் எங்கிருந்தோ ஒன்றிரண்டு வந்து முழங்காலில் குத்தும். எல்லா வேலைக்கும் தம்பியின் சிவப்புப் பெட்டியில் இருந்த ஸ்பானர்களைத்தான் எடுத்தாள். அவை அவள் கைக்கு நன்றாகப் பழகிவிட்டன.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பந்தயத்துக்கு முன்பு கார்களை ஓட்டிச் சோதிக்கும் மதிய நேரத்தில், நோவாவை இழுத்துக்கொண்டு போனாள். பர்ல் அவளுடைய தலைக்கவசத்தையும் பட்டைகளையும் இழுத்துப் பார்த்தான்.

"நீ ஓட்டி நான் பாத்ததே இல்லையே."

"இன்னைக்குப் பாரு."

"வேலியோரமா மார்லா நிக்குறா. சொல்லாம விடக்கூடாதுன்னு சொல்றேன்."

ரோண்டா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் எதுவும் எழுதவும் இல்லை.

விளக்கு பச்சையானதும் கார் அவள் முதுகில் உதைத்தது. கொட்டகையில் நாலு வருஷம் கேட்டுப் பழகிய எஞ்சின் சத்தம் இப்போது வேறு மிருகத்தின் குரலாக இருந்தது. சுவர் ஒரு சாம்பல் கோடாக ஓடியது. அந்த இடம் வந்தது. மிதித்தாள்.

கார் நேராக நின்றது.

திரும்பிப் போய் மறுபடியும் ஓட்டினாள். இந்த முறை பலமாக மிதித்தாள். சக்கரங்கள் பூட்டிக்கொண்டு அலறின, ரப்பர் புகை உள்ளே வந்தது. கார் நேராகத்தான் போனது. மூன்றாவது முறை மிதித்த கணத்தில் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள். கார் யார் துணையும் இல்லாமல் பாதையின் நடுவில் போய் நின்றது.

பாதையின் கடைசியில் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் இல்லை. ஆறு வருஷமாக நெஞ்சின்மேல் கிடந்த கல்லை யாரோ எடுத்ததுபோல ஒரு மூச்சு உள்ளே போனது. அந்த மூச்சு வெளியே வருவதற்குள் அடுத்தது புரிந்துவிட்டது. பிரேக் இழுக்கவில்லை என்றால் காரைத் திருப்பியது ஸ்டீயரிங். ஸ்டீயரிங்கைத் திருப்பியது இரண்டு கைகள். எனக்கு இனி இது எதுக்கு என்று சொல்லிப் பெட்டியைக் கீழே வைத்த அதே கைகள். அன்றைக்கு அவள் வாடகை கேட்பேன் என்று கிண்டல் செய்திருந்தாள்.

கார்கள் நிற்கும் இடத்துக்குத் திரும்பி வந்தபோது மார்லா காத்திருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து அந்தச் சீருடையிலேயே வந்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள்.

"பெயின்ட் நல்லா இருக்கு. அவன் இருந்தப்ப இவ்வளவு அழகா இல்ல."

"ஆமா."

"நீ எதுக்கு இதைக் கட்டுனேன்னு இங்க யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்." மார்லா பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். "இதைத்தானே நீ தொடாம வச்சிருந்த. நான் வேலியோரமா இருந்ததால கோடு இருக்கிற பக்கம் எனக்கு மறைச்சிருச்சு. என்ன ஆச்சுன்னு நீயே சொல்லு."

ரோண்டா வாயைத் திறந்தாள்.

"இரு. யோசிச்சுச் சொல்லு," என்றாள் மார்லா. "அன்னைக்குக் காலையில நான் அவன்கிட்ட என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியாது. சோபாவுல படுத்தே கெடந்தான். மாசக்கணக்கா அப்படித்தான். நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு சொன்னேன். அப்படியேதான் சொன்னேன். அவன் எந்திரிச்சுப் போயி ஷேவ் பண்ணிட்டு இங்க வந்தான்." அவள் ரோண்டாவின் முகத்தைப் பார்க்காமல் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா சாவுக்குக் காரணம்னு பொண்ணுங்ககிட்ட உன் பேரைத்தான் சொல்லி வச்சிருக்கேன். இப்ப சொல்லு."

பக்கத்தில் யாரோ ஒருவருடைய எஞ்சின் உறுமிவிட்டு அடங்கியது. ரோண்டா கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"பிரேக்தான்," என்றாள். "இடது பக்கம் புடிச்சு இழுக்குது. நான் இறுக்கமா வச்சிருந்திருக்கேன்."

மார்லா மறுபடியும் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தாள். அப்புறம் தலையை ஆட்டினாள். தோள்கள் இரண்டும் கொஞ்சம் கீழே இறங்கின.

"அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன், ரோண்டா. மறைக்க மாட்டேன்."

"சொல்லு."

மன்னித்தேன் என்றோ, வீட்டுக்கு வா என்றோ மார்லா சொல்லவில்லை. கார் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு நடந்து போனாள். பர்ல் தண்ணீர் பாட்டிலோடு அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"நூல் பிடிச்ச மாதிரி நேராத்தானே நின்னுச்சு. மூணு தடவையும் நான் பாத்தேன்."

"பாத்ததை உன்னோடயே வச்சுக்கோ."

"உன் பொழப்பே பிரேக்குடி. தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரியும்."

பள்ளி திறப்பதற்கு முன்பே அந்தப் பேச்சு பட்டறைக்கு வந்து சேர்ந்தது. மேலாளர் நல்ல மனிதர். அவளை உட்காரவைத்து, பெற்றோர்கள் போன் செய்கிறார்கள், தன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்றார். பிரேக் வேலையை வேறொருவனிடம் கொடுத்தார். அவளுக்கு எண்ணெய் மாற்றுவதும் பேருந்துகளைக் கழுவுவதும் மிஞ்சியது. பழைய ஓட்டுநர்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். ஒருவர் மட்டும் வழக்கம்போல, "நீ ஒரு தடவை பாத்திரேன்," என்று வண்டியைக் காட்டினார். அவள் தண்ணீர்க் குழாயை எடுத்துச் சக்கரத்தைக் கழுவிவிட்டு நகர்ந்தாள். சிவப்புப் பெட்டியை மூடிக் கொட்டகையின் மூலையில் தள்ளி வைத்தாள். அதிலிருந்து ஒரு ஸ்பானரைக்கூட அவள் மறுபடி எடுக்கவில்லை.

இலை உதிரும் காலத்தில், கென்டக்கியிலிருந்து ஒருவன் நோவாவை வாங்க வந்தான். அவனுக்கு இந்தப் பக்கத்துக் கதை எதுவும் தெரியாது. எஞ்சினைப் பார்த்தான், வெல்டிங்கைத் தடவிப் பார்த்து தலையை ஆட்டி மெச்சினான். பின்னால் வந்து குனிந்தவன் முகத்தைச் சுளித்தான்.

"எல்லாம் இவ்வளவு சுத்தமா இருக்கு. இது மட்டும் ஏன் இப்படி? பிரேக் எப்படி, நல்லா இருக்கா?"

ரோண்டா கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் யாரும் இல்லை.

"நல்ல பிரேக்," என்றாள். "அதுல ஒரு குறையும் கிடையாது."

அவன் துருவைச் சுரண்டிப் பார்த்துவிட்டு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"எதுக்கும் கழட்டி எறிஞ்சுட்டுப் புதுசு போட்டுடறேன்."

"போட்டுக்கோ," என்றாள் ரோண்டா.