விமான நிலையம் போகாத வேன்

திருச்சபை வேனை ஓட்டுகிறவளை எல்லோரும் ஸ்டியரிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு அதை ஓட்டியவன் அவள் புருஷன். பாதி நாள் குடித்துவிட்டுப் பின்சீட்டில் சாய்ந்துவிடுவான். வண்டியை வீடு சேர்ப்பது அவள் பாடு. அப்படித்தான் ஓட்டப் பழகினாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அடி விழும்.

வீங்கிய முகத்தோடு அவள் போதகரிடம் போனாள். அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். "பொறுத்துப் போம்மா, மாறிடுவான்" என்று திருப்பி அனுப்பினார். அந்தப் போதகர் மாற்றலாகிப் போனார், புருஷன் மாறவில்லை. மணிக்கட்டு முறிந்து மறுபடி வந்தபோது கதவைத் திறந்தது புதுப் போதகரின் மனைவி. அவள் ஜெபத்தைப் பிறகு வைத்துக்கொண்டாள். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் போலீஸ் நிலையம். ஆலயத்துக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையை ஒழித்துக் கட்டில் போட்டுக் கொடுத்தாள்.

கை கூடியதும் புருஷனிடமிருந்த வேன் சாவியும் அவள் கைக்கு வந்தது. கமிட்டியில் முணுமுணுப்பு.

"பொம்பள ஓட்டுற வண்டியில எப்படி நம்பி ஏறுறது?" என்றார் ஒருவர்.

"குடிகாரன் ஓட்டுனப்ப கண்ண மூடிட்டு உக்காந்திருந்தோம். இனிமே தெறந்துட்டே வரலாம்" என்றார் பாடகர் குழுக் கிழவர்.

கமிட்டிச் செயலாளருக்கு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் தொழில். ஆலயத்தில் சுழலும் மின்விசிறிகளில் பாதி அவர் கொடுத்தவை. வீட்டு வேலைக்குப் போகும் அக்கா தங்கை இருவரை விமான நிலையத்தில் விடச் சொன்னார். இரண்டு பேரும் சபைப் பிள்ளைகள்.

"எந்த வீட்டுக்குப் போறீங்க?" என்று ஸ்டியரிங் அக்கா வழியில் பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"அங்க போனப்புறம் சொல்வாங்களாம்" என்றாள் மூத்தவள். "பாஸ்போர்ட்கூட செயலாளர் மாமாவோட ஆள்கிட்டதான் இருக்கு."

இளையவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "யாராவது கேட்டா வயசு இருபத்தஞ்சுன்னு சொல்லணுமாம். எனக்கு இன்னும் பதினெட்டே ஆகலக்கா."

ஸ்டியரிங் அக்கா வண்டியை ஓரங்கட்டினாள். தப்புக் கணக்காகிவிட்டால் வேலையும் அறையும் சேர்ந்தே போகும். ஆனாலும் வண்டியைத் திருப்பினாள்.

"எங்க போறீங்க? ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு" என்று மூத்தவள் பதறினாள்.

"சபையில பெண்கள் கூட்டம் நடக்குது. அவங்க காதுல போட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுவோம்."

கூட்டத்துப் பெண்கள் பிள்ளைகளை நடுவில் உட்காரவைத்து விசாரித்துக்கொண்டிருக்கும்போதே செய்தி கேட்டுச் செயலாளர் காரில் வந்து இறங்கினார்.

"டிரைவருக்கு ஓட்டுறதுதான் வேலை. கேள்வி கேக்குறது இல்ல" என்றார்.

போதகர் இடையில் வந்தார். "கொஞ்சம் பொறுமையா பேசலாமே."

"பொறுமையா இருன்னு சொல்லித்தான் இந்தச் சபை இவளத் திருப்பி அனுப்புச்சு" என்றாள் அவர் மனைவி. குரல் உயரவில்லை.

போதகர் செயலாளர் பக்கம் திரும்பினார். "வேலை குடுக்குற வீட்டு நம்பரச் சொல்லுங்க. இங்கேருந்தே பேசிடலாம்."

நம்பர் ஆபீசில் இருக்கிறது என்று செயலாளர் கிளம்பினார். போதகரே போலீசுக்குப் போன் செய்தார்.

செயலாளர் கைதாகி ஜாமீனில் வந்தார். அவர் பக்கம் நின்ற குடும்பங்கள் வேறு ஆலயம் தேடிக்கொண்டன. அவர் முன்பே அனுப்பிய பெண்களைச் சபையார் தேட ஆரம்பித்தார்கள். ஒருத்தி திரும்பி வந்தாள். மற்றவர்களைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. சபை கண்ணை மூடிக்கொண்டிருந்ததற்குப் பிரசங்க மேடையில் நின்று போதகர் மன்னிப்புக் கேட்டார். பின்னறைக்குப் பக்கத்தில் இன்னும் ஓர் அறை கட்டினார்கள். அடி தாங்காமல் வருகிறவர்களை அழைத்து வர இப்போது வேன்தான் போகிறது.

இளையவள் படிக்கப் போகிறாள். மூத்தவளுக்குப் பேக்கரியில் வேலை. கைக்கு வந்த நல்ல வாய்ப்பை அக்கா கெடுத்துவிட்டாள் என்ற கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஞாயிறுதோறும் வேனில் ஏறிக் கடைசி சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருகிறாள். அவள் உட்கார்ந்துவிட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் அக்கா வண்டியை எடுக்கிறாள்.