ஆவுடைப்பட்டியில் நான் கட்டிய 42 வீடுகள்

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் பிறந்து, ஐம்பத்து மூன்று வருடமாகக் காரைக்குடியிலேயே குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் எனக்கு, ஒரு செட்டிநாட்டு வீட்டின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியவில்லை. தெரியாமல் இருந்ததுகூடப் பரவாயில்லை. அதைக் கட்டுரையாக எழுதி, இதே வலைப்பூவில் போட்டு, நான்கு வருடம் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

‘ஆவுடைப்பட்டி: வரலாறும் புவியியலும்’ என்ற அந்தப் பதிவைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். “ஆறு தெருக்கள், 84 பெரிய வீடுகள்” என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தேன். எப்படி எண்ணினேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு கல்யாண வீட்டுக்குப் பத்திரிகை கொடுக்கப் போன வழியில் ஸ்கூட்டரை விட்டு இறங்காமல் ஆறு தெருவையும் ஒரு சுற்றுச் சுற்றினேன். வளைவும் சுதைப் பொம்மையுமாக நிற்கிற வாசல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு என்று கணக்கு வைத்தேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில்தான் முடியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் இன்னொரு தெருவில். இது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பந்தியில் சாப்பிட்டு, கூட்டத்தோடு பின்வாசலில் வெளியேறி, வெறுங்காலோடு தெருவைச் சுற்றி ஓடிவந்து செருப்பைத் தேடிய கல்யாணங்கள் எனக்குக் குறைந்தது இருபது இருக்கும். எழுத உட்கார்ந்தபோது மட்டும் அது மறந்துபோயிற்று.

புரட்டாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் ஆவுடைப்பட்டி மீனாள் ஆச்சி. (இங்கே ‘ஆச்சி’ என்பது மரியாதை, வயதோடு சம்பந்தமில்லை. அவர் என்னைவிட ஆறு வயது இளையவர். என்னை அவர் அண்ணே என்பார், அவரை நான் ஆச்சி என்பேன். கேட்கிறவர்கள் குழம்பிக்கொள்ளட்டும்.) சென்னையில் பார்த்த கணக்காளர் வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊரில் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான வீட்டில் நான்கு அறைகளை ஒழுங்குபடுத்தி விருந்தினர் தங்குவதற்குத் தயாராக வைத்திருக்கிறார். தங்கத்தான் ஆள் வரவில்லை. பதினோரு பங்காளிகளும் பொங்கல் வரைதான் சாவி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் நடமாட்டம் இல்லையென்றால் வீட்டைப் பழையபடி பூட்டிவிட்டுக் கல்யாணம், காரியம் என்றால் மட்டும் திறப்பதாகப் பேச்சு.

மதுரையில் ஒரு சுற்றுலா நிறுவனம், ஆட்களை அழைத்துவரலாமா என்று பார்க்கச் சம்மதித்திருக்கிறது. ஊரைப் பற்றி எழுதி அனுப்பச் சொன்னார்களாம். ஆச்சி என் பதிவை அப்படியே அனுப்பிவிட்டார். 84 வீடு என்றதும் அங்கே ஆர்வம் பற்றிக்கொண்டது. புதன்கிழமை நேரில் வருகிறோம், வீடுகளின் பட்டியலை எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

“அண்ணே, உக்காந்து ஒவ்வொரு வீடா எழுதிப் பாத்தேன். நாப்பத்தி மூணோட நின்னு போச்சு. எங்க ஊருல மிச்ச வீட்ட எங்குட்டு வச்சிருக்கீக?” என்றார்.

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் புதன்கிழமை நானே நேரில் வருகிறேன் என்றேன்.

புதன்கிழமை காலை 7.40க்குக் காரைக்குடிப் புதிய பேருந்து நிலையத்தில் கண்டரமாணிக்கம் பேருந்து. ஆவுடைப்பட்டி விலக்குக்குக் கட்டணம் 21 ரூபாய். மானகிரி வரைக்கும் நின்றுகொண்டு வந்தேன். அங்கே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இறங்கியதும் இடம் கிடைத்தது. குன்றக்குடியில் ஐந்து நிமிடம் நின்றது. 8.35க்கு விலக்கில் இறங்கினேன். அங்கிருந்து ஊர் 3.2 கிலோமீட்டர். நடக்கலாம். நான் நடக்கவில்லை. ஆட்டோ 80 ரூபாய்.

ஆட்டோக்காரர் வெள்ளைச்சாமிக்கு அந்த ஊரில் இரண்டு ஏக்கர் வயல். தண்ணீர் இருக்கிற மாதங்களில் விவசாயி, இல்லாத மாதங்களில் ஓட்டுநர். ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“வீடு எண்ணுனவுக நீங்கதானா?”

ஆமாம் என்றேன். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

“கண்மாயி எத்தனன்னு எழுதியிருக்கீக?”

“ஒண்ணு.”

“அது சரியாப் போச்சு. அதுக்குப் பின்வாசல் கெடையாதுல்ல.”

மூன்று கிலோமீட்டரும் அவர் சிரிக்கவே இல்லை. நானும் வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்துகொண்டேன்.

இனி புவியியல். இந்த முறை இறங்கிப் பார்த்து எழுதுவது, நம்பலாம். ஆவுடைப்பட்டி ஒரு செம்மண் மேட்டில் இருக்கிறது. வடமேற்கே கண்மாய், அதன் கரைமேல் ஒரு வண்டி போகிற அகலத்துக்குத் தார்ச்சாலை. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலுங்கு கரையின் நடுவில் இருக்கிறது; பாயும்போது சாலைமேல் ஏறித்தான் பாயும். ஊருக்குத் தெற்கே ஊரணி. தெருக்கள் ஆறும் தெற்கு வடக்காக ஓடி, கண்மாய்க்கரையில் போய் முட்டுகின்றன. இவற்றில் மூன்றுக்குத்தான் பெயர் உண்டு. மற்ற மூன்றுக்கும் ‘பின்தெரு’ என்றே பெயர். அதைக்கூட யாரிடமும் கேட்காமல் அன்றைக்கு நானாக ‘இரண்டாம் தெரு’, ‘நான்காம் தெரு’, ‘ஆறாம் தெரு’ என்று நாமகரணம் செய்திருக்கிறேன்.

வரலாறு என்று பார்த்தால், பர்மாவுக்கும் மலாயாவுக்கும் தொழிலுக்குப் போனவர்கள் தேக்கும் கண்ணாடியும் கொண்டுவந்து கட்டிய ஊர். கல்வெட்டு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வம்பு இருக்கிறது, கல்வெட்டைவிட அது உபயோகமானது. எதிரெதிரே வீடு கட்டிய இரண்டு சம்பந்திகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனதாம். ஒருவர், “உன் முன்வாசலைவிட என் பின்வாசல் பெரிசு” என்று காட்டுவதற்காகப் பின்தெருவில் வளைவு வைத்து, மேலே யானையோடு கஜலட்சுமியை உட்கார வைத்தார். அதைப் பார்த்து ஊரே பின்வாசலில் வளைவு வைக்க ஆரம்பித்தது. இதை மீனாள் ஆச்சி சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. தப்பு முழுக்க என்னுடையது இல்லை. பாதி அந்தச் சம்பந்தியுடையது.

ஆச்சி காபி கொடுத்தார், பட்டியலையும் கொடுத்தார். நான் ஒரு யோசனை சொன்னேன்: இடிந்துபோனது, விற்றுப்போனது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு காலத்தில் 84 இருந்தது என்று சொல்லிவிடலாமே.

“இல்லாத வீட்ட எங்கண்ணே கூட்டிப் போய்க் காட்டுறது? உள்ளதச் சொல்லுவோம். வாறவுக வரட்டும், வராட்டி பொங்கலுக்குச் சாவியக் குடுத்துட்டுப் போறேன்” என்றார். சொல்லிவிட்டுப் பட்டியலை மடித்து, மறுபடி பிரித்தார்.

தப்பைச் சரிசெய்ய வேண்டியவன் நான். மீண்டும் எண்ணி வருகிறேன் என்று ஒன்பதரைக்குக் கிளம்பி, பத்தே கால் மணிக்குத் திரும்பி வந்து, மொத்தம் 42 என்று அறிவித்தேன். தன் பட்டியலில் 43 இருக்கிறதே என்றார் ஆச்சி. ஏதோ ஒரு வீட்டை இரண்டு தடவை எழுதியிருப்பீர்கள், இந்தத் தவறு எல்லோருக்கும் வருவதுதான் என்று பெருந்தன்மையோடு சொன்னேன். அவர் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தார். இரட்டிப்பு எதுவும் அகப்படவில்லை. இருந்தாலும், எழுதுகிறவர் சொல்கிறாரே என்று தலைப்பில் 42 என்று போட்டுக்கொண்டார்.

பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் 11.20க்கு வந்தார்கள். 22 பேர் உட்காரும் பேருந்து. நிறுவனத்தின் சார்பில் சுகந்தி என்ற பெண் வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் அட்டை, அட்டையில் என் பதிவின் அச்சுப் பிரதி. 84 என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம். இறங்கும்போதே ஓட்டுநர் தலையை ஆட்டிவிட்டார். தெரு நீளம் உண்டு, அகலம் இல்லை. இங்கே வண்டியைத் திருப்ப முடியாது, வந்த வழியே பின்னோக்கி எடுத்தால்தான் உண்டு. திருப்ப இடமில்லாத ஊரைப் பாதையில் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் விதியாம். ஆச்சி அதைக் கேட்டும் சிரித்த முகத்தோடு வாங்க என்றார். நான் முந்திக்கொண்டேன்.

“மேடம், அது 84 இல்ல. ஒரு வீட்டுக்கு ரெண்டு தெருவுலயும் வாசல் இருக்கு. நான் ரெண்டு பக்கமும் எண்ணிட்டேன்.”

சுகந்தி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒரே வீடு எப்படி சார் ரெண்டு தெருவுல இருக்கும்?”

“உள்ள வாங்க, நடந்து பாப்போம்” என்றார் ஆச்சி. சுகந்தி காலணியைக் கழற்றி முன்வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார். நான் பின்னால் போனேன். முகப்பு, தூண்கள் சூழ்ந்த முற்றம், அதற்குப் பின்னால் சாப்பாட்டுக் கூடம், அடுப்படி, கிணற்றடி. பின்வாசல் வரைக்கும் என் காலுக்கு 96 எட்டு. வழியெல்லாம் சுகந்தி படம் எடுத்துக்கொண்டும், கழிப்பறை எத்தனை என்று கேட்டுக்கொண்டும் வந்தார். பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. ஆச்சி பின்கதவின் தாழ்ப்பாளை எடுத்தார்.

வெளியே ஒரு பேருந்து நின்றுகொண்டிருந்தது.

“இது நம்ம வண்டி மாதிரி இருக்கே” என்றார் சுகந்தி. நம்ம வண்டியேதான். பின்னோக்கி எடுக்கப் புறப்பட்ட ஓட்டுநரை வெள்ளைச்சாமி தடுத்து, தன் ஆட்டோவை முன்னால் விட்டு, நேரே வடக்கே கண்மாய்க்கரைக்கு ஏற்றி, மேற்கே திருப்பி, அடுத்த தெருவில் இறக்கிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். 1.1 கிலோமீட்டர், ஓர் இடத்திலும் பின்னால் எடுக்கவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்குக் கார்கள் காலங்காலமாகப் போகிற வழியாம்.

சுகந்தி வெறுங்காலோடு சூடான தெருவில் ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்துக்கொண்டு யோசித்தார். “எத்தனை வீடுங்கறத விடுங்க. ஒரு வீடு போதும். முன்னால இறக்கிவிட்டா உள்ளேயே சுத்திப் பாத்து, சாப்பிட்டு, பின்னால ஏறிக்கலாம். வண்டி திரும்பவே வேண்டாம்” என்றார். அட்டையில் 84ஐ அடித்தார். அந்த இடத்தில் எதுவும் எழுதவில்லை.

வெள்ளைச்சாமி மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். “ஐப்பசி கார்த்தியில வராதீக. கலுங்கு பாஞ்சா ஒங்க வண்டி போகாது. பாயலேன்னா எங்க பொழப்பு போகாது. நாங்க பாயணும்னுதான் கும்புடுவோம்.”

சுகந்தி அதையும் எழுதிக்கொண்டார். தை மாதம் நான்கு சனிக்கிழமைகளும் மதியச் சாப்பாடு, இரண்டு சனிக்கிழமை தங்கல் என்று பேச்சு முடிந்தது. ஆச்சி அங்கேயே நின்று மூத்த பங்காளிக்குத் தொலைபேசியில் சொன்னார். பங்காளி இன்னும் ஒரு வருடம் சாவி இருக்கட்டும் என்றாராம், கூடவே தன் அறையின் பீரோவை மட்டும் யாரும் திறக்கக்கூடாது என்றும். பேசி முடித்ததும் ஆச்சி கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். வெண்டைக்காய் மண்டியும் கவுனி அரிசியுமாகச் சாப்பாடு. அதைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். 7.40 பேருந்தை விட்டால் அடுத்தது 10.15. தை முதல் பங்குனி வரை நல்ல காலம். சாப்பாடு ஆளுக்கு 400 ரூபாய், முதல் நாளே சொல்ல வேண்டும். தெருமுனைக் கடையில் டீ 12 ரூபாய், நன்றாக இருக்கிறது, வேப்பமர நிழலும் உண்டு. மிக முக்கியம்: செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடங்கள். சுகந்தியின் காலணியை வெள்ளைச்சாமி ஆட்டோவில் போய் எடுத்துவந்தார். என்னுடையது இன்னும் முன்வாசலில்தான் கிடக்கிறது. அதை நினைத்தது விலக்கில் பேருந்து ஏறிய பிறகு.

இந்த ஊருக்கு வந்து நான் கற்றுக்கொண்டது எளிமையானது. ஓர் ஊரைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் வண்டியை விட்டு இறங்க வேண்டும். வாசலைப் பார்த்தால் போதாது, அதற்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும். பழைய பதிவில் 84ஐ நீக்கி 42 என்று திருத்திவிட்டேன்.

அந்த 42ஐயும் நான் எண்ணவில்லை. வெயில் அதிகம், முக்கால் மணி நேரமும் அந்த டீக்கடையில்தான் இருந்தேன். 84ஐ இரண்டால் வகுத்தேன். நேற்று மீனாள் ஆச்சி கூப்பிட்டுச் சொன்னார்: அவர் பட்டியலின் 43தான் சரியாம், இரண்டு வீடுகளுக்குப் பின்வாசலே கிடையாதாம்.