எதிர்ப்பக்கம் சுற்றிய டப்பா

அந்தத் தெருவில் அவளுக்கு முத்திரை என்று பெயர். இருபத்தாறு வருடமாக ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்? படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறைதான் கடை. மேசைமேல் பதினோரு வயதான செதுக்கும் மெஷின். தட்டையாக எதைக் கொடுத்தாலும் செதுக்கும். உருண்டையாக எதையாவது நீட்டினால் அதற்கு ஒன்றும் புரியாது. முத்திரைக்கும் புரியாது, அவள் உருண்டையான பொருளைத் தொட்டதே இல்லை.

இப்போது அந்த மெஷினுக்கு, பொருளைப் பிடித்துச் சுற்றும் அச்சு ஒன்று வாங்கி மாட்டவேண்டி வந்தது. எல்லாம் அக்காவுக்காக.

அக்கா டைப்ரைட்டிங் டீச்சர். முப்பது வருடம் கீயைப் பார்க்காமல் அடித்தவள். கண் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, போன வருடம் பார்வை முழுதாகப் போயிற்று. ஆனாலும் தனியாகத்தான் இருந்தாள், விரலால் தடவிப் படிக்கும் பிரெயிலும் படித்துக்கொண்டிருந்தாள். மாத்திரை டப்பா மூன்று; மூடியில் ஒரு கீறல் காலை, இரண்டு மதியம், மூன்று இரவு. போன மாதம் மூடிகள் மாறிப்போயின. இரவு மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு சமையலறையில் சுருண்டு விழுந்தாள்.

அவள் மகன் ஓடிவந்தான். "அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை காரோட வரேம்மா. டப்பாவைத் தடவிப் பாத்து எது காலை, எது ராத்திரின்னு சரியா சொல்லு. சொன்னா இங்கயே இரு. இல்லன்னா மூட்டை கட்டு, என்கூட வந்துடணும்."

அடையாளத்துக்குப் போட்ட ரப்பர் பேண்ட் அறுந்தது. ஒட்டிய லேபிள் ஈரக்கையில் உரிந்தது. மூடியில் எழுதினால் மூடி மறுபடி மாறும். டப்பாவின் உடம்பிலேயே, அதைச் சுற்றி, பிரெயில் இருக்கவேண்டும்.

"நான் செஞ்சு தரேன்" என்றாள் முத்திரை. சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தாள்.

சுற்றும் அச்சோடு ஒரு பக்கச் செய்முறைத் தாள் வந்தது. பலகையை முன்னும் பின்னும் நகர்த்தும் மோட்டாரின் ஒயரைக் கழற்றிப் புது மோட்டாரில் மாட்டு. பலகை நகர்வதற்குப் பதில் டப்பா உருளும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. மாட்டி, சுவிட்சைப் போட்டாள். டப்பா சுற்ற ஆரம்பித்தது. சுற்றிற்று, சுற்றிற்று, நிற்கவே இல்லை. பயந்து பிளக்கைப் பிடுங்கினாள். மறுபடி போட்டாள்; மறுபடி சுற்றல். அரைநாள் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவளுக்கும் தலை சுற்றியது.

பிறகு விளங்கியது. மின்சாரம் வந்ததும் மெஷின் முதலில் பலகையை மூலைவரை தள்ளும். அங்கே ஒரு சின்ன சுவிட்சில் முட்டினால்தான் நிற்கும். இப்போது முட்டப் பலகை வரவில்லையே. அவளே விரலால் சுவிட்சை அழுத்தினாள். டப்பா நின்றது. பெரிய காரியம் செய்ததுபோல் தண்ணீர் குடித்தாள்.

சோதனைக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயில் கடைப்பெயரைச் செதுக்கினாள். படித்துப் பார்த்தாள், அழகாக இருந்தது. அப்புறம் அக்காவின் பாடப்புத்தகத்தில் இருந்த அட்டவணையைப் பார்த்து, காலை, மதியம், இரவு என்று புதிதாக மூன்று மர டப்பாக்களில் புள்ளிக்குப் புள்ளி துளையிட்டு, துளைக்கு ஒன்றாகச் சிறு எஃகு மணிகளைப் பசை வைத்துப் பதித்தாள். இரண்டு முறை சரிபார்த்தாள். எதிலும் தப்பு தெரியவில்லை.

புதன்கிழமை அவற்றை அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனாள். அக்கா முதலில் இரவு டப்பாவைத் தடவினாள். திருப்பினாள். மறுபடி முதலிலிருந்து தடவினாள்.

"என்னடி இது?"

"இரவுக்கா."

"கடைசியில ஒரு ஏ இருக்கு. மத்ததைச் சேத்துப் படிச்சா வார்த்தையே வரல."

"நல்லா தடவிப் பாருக்கா. புத்தகத்தைப் பாத்துத்தானே போட்டேன்."

அக்கா மற்ற இரண்டையும் தடவினாள். முகம் சுருங்கிவிட்டது. "புத்தகத்துல இருந்தா சரியாத்தான் இருக்கும். கண்ணு போச்சு, இப்ப விரலும் போச்சு போல." போனை எடுத்து மகனிடம், "சனிக்கிழமை வா, கிளம்பிடறேன்" என்று சொல்லிவிட்டாள்.

முத்திரை டப்பாக்களைப் பையில் போட்டுக் கடைக்குத் திரும்பினாள். யாரிடம் தப்பு? அக்காவின் விரலிலா, மணியிலா, மெஷினிலா? அட்டவணையை மீண்டும் எடுத்துவைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒத்துப்போயிற்று. ஒத்துப்போகப்போகக் குழப்பம்தான் கூடியது.

வியாழக்கிழமை பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சில்லறை கேட்டு வந்தார். மேசையில் கிடந்த குழாயை எடுத்தார்.

"என்னக்கா, குழாய்க்கும் சீல் வெக்கப் போறீங்களா?"

"ஏன்?"

"எழுத்தெல்லாம் இடம் வலமா திரும்பிக் கெடக்கே. ஸ்டாம்புலதானே இப்படி இருக்கும்."

குழாயை வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு?"

"உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். எங்களுக்குக் கண்ணாடி வேணும்."

அவர் சிரித்தார், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டாம்பில் எழுத்தைத் திருப்பித்தான் செதுக்கவேண்டும், தாளில் குத்தினால் நேராக விழும். இருபத்தாறு வருடமாகத் திருப்பியே படித்த கண்ணுக்கு நேரும் திருப்பமும் ஒன்றாகிவிட்டிருந்தன. புது மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. அது உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அவள் ஒருத்தியைத் தவிர.

சுற்றும் பக்கம் மாறட்டும் என்று, மோட்டாரின் ஒயர்களில் ஒரு ஜோடியை ஒன்றுக்கொன்று இடம் மாற்றினாள். புதிய குழாயில் செதுக்கி, தன் கண்ணை நம்பாமல் ஜெராக்ஸ்காரரிடம் நீட்டினாள்.

"படிங்க."

"கடைப்பேரு. நேரா இருக்குக்கா."

வெள்ளிக்கிழமை முழுதும் வேறு மூன்று டப்பாக்கள் செய்து, மூடிகளில் பழையபடி கீறலும் போட்டாள். ஜெராக்ஸ்காரரே தன் கடையை விட்டு வந்து, அட்டவணையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிட்டுச் சொன்னார்.

சனிக்கிழமை அவள் போனபோது கார் வாசலில் நின்றது. அக்காவின் பெட்டி கட்டியாயிற்று.

"சித்தி, இனிமே எதுக்கு இதெல்லாம்?" என்றான் மகன்.

"ஒரு தடவை தடவட்டும்டா. தப்பு என்னுது, அவ விரலோடது இல்ல."

அவன் சந்தேகத்தோடு டப்பாக்களை வாங்கி, எது எதுவென்று முத்திரையிடம் கேட்டு மாத்திரைகளை நிரப்பி, மூடிகளை வேண்டுமென்றே மாற்றிப் போட்டு, முதுகுக்குப் பின்னால் கலைத்து, மேசைமேல் வைத்தான். அக்கா முதலாவதைத் தொட்டாள். அவள் விரல் நகர்வதை முத்திரை பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த மணிகள் போன மணிகளிலிருந்து எப்படி வேறு என்று இப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி தப்பாக இருந்தால்கூட அவளுக்குத் தெரியாது.

"மதியம்" என்றாள் அக்கா. அடுத்தது. "காலை." கடைசி டப்பாவைச் சுற்றி விரலை முழுதாக ஓட்டி, மூடியின் கீறலையும் தொட்டாள். "இரவு. ஆனா என் மகராசன் காலை மூடியைப் போட்டு வெச்சிருக்கான்."

மகன் டப்பாக்களைத் திறந்து உள்ளே இருந்த மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டான். ஒவ்வொன்றாக மூடினான்.

"பெட்டியை எங்கம்மா வெக்கணும்?" என்று கேட்டான்.

"எடுத்த எடத்துலயே வை" என்றாள் அக்கா.