அறுபத்திரண்டில் நின்ற விரல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை ஓய்ந்து கொல்லிமலை பச்சைப்பசேலென்று இருந்த சமயத்தில் நடந்தது இது. அப்போது நான் வாசலூர்பட்டியில், படகுத்துறைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு சின்னக் காட்சிக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். மலையின் விவசாயம், மூலிகை, பாறை என்று சுற்றுலா வருகிறவர்கள் கால் மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிற இடம்.

எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். மேம்பாலம் ஏறினாலே மலை ஏறிவிட்டதாக நினைக்கிற தட்டையான ஊர். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைக்கு மாற்றல் என்றதும் அழுதே விட்டேன். அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் முதல் வளைவு திரும்பும்போதே எனக்கு வயிற்றைப் புரட்டும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடினால், மலைமேல் செம்மேட்டில் கண்டக்டர் குரல் கொடுத்தால்தான் திறப்பேன். மூன்று வருடம் போய் வந்தும் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த தப்பு இங்கேதான் தொடங்கியது.

காட்சிக்கூடத்தை மாற்றுத்திறனாளிகளும் அனுபவிக்கும்படி மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆசையாகத்தான் இறங்கினேன். படிக்கட்டின் ஓரமாகச் சாய்தளம் போட்டோம். சக்கர நாற்காலி உள்ளே நுழைகிற மாதிரி மேஜைகளைச் செய்தோம். தினை, சாமை, ராகி மேல் இருந்த கண்ணாடியை எடுத்துவிட்டு, கையை விட்டு அளைகிற மாதிரி திறந்த தட்டுகளில் வைத்தோம். மிளகும் காப்பிக்கொட்டையும் முகர்ந்து பார்க்க மூடியில் துளை போட்ட ஜாடிகள். ஒரு பொத்தானை அழுத்தினால் அருவிச் சத்தம் கேட்கும். காது கேளாதவர்கள் பக்கத்துப் பலகையில் உள்ளங்கையை வைத்தால் அந்த அதிர்வு தெரியும். 'தொடாதீர்கள்' என்ற அட்டைகளை நானே கிழித்துப் போட்டு, 'தொட்டுப் பாருங்கள்' என்று எழுதி வைத்தேன்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெருமை மலைப்பாதையின் மரவடிவம்தான். விரல் ஓடுகிற அளவு பள்ளமாகப் பாதையைச் செதுக்கி, அடிவாரத்திலிருந்து உச்சி வரை தடவிப் போகலாம். படம் வரைந்து கொடுத்தது நான். சுற்றுலா நோட்டீஸ் ஒன்றைப் பார்த்து, எல்லா வளைவும் ஒரே அளவில் அழகாக வருகிற மாதிரி வரைந்தேன். திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது தச்சர் வந்து தலையைச் சொறிந்தார். அறுபத்திரண்டு வளைவுக்கே பலகையின் உச்சி வந்துவிட்டதாம்.

"எழுவது வரோணுமுங்க மேடம். எட்டு பாக்கி நிக்குது. வேற பலகையில மறுபடியும் செதுக்கிறலாமுங்க" என்றார்.

எனக்கு நேரம் இல்லை. யார் விரல் விட்டு எண்ணப் போகிறார்கள், அப்படியே முடித்துவிடுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உளியை எடுத்துக்கொண்டு போனார். பெயர்ப் பலகையில், அச்சிலும் பிரெய்லியிலும், 'எழுபது கொண்டை ஊசி வளைவுகள்' என்றே இருந்தது.

திறந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு நாள் காலையில் உயரதிகாரி ஒருவர் வெளியூர் விருந்தினர்களை அழைத்துக்கொண்டு வந்தார். நான் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது, மனைவியின் தோளைப் பிடித்தபடி ஒருவர் உள்ளே வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். அவர் இதே மலைப்பாதையில் இருபது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய் ஐந்து வருடமாகிறது. ரோட்டைக் கையால் தொட்டுப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்ததாகச் சொன்னார்.

அவரை மேஜையருகே நிறுத்தி, விரலை எடுத்து அடிவாரத்தில் வைத்தேன். அவர் முகத்தைத் திருப்பி என்னிடம் கேட்டார்.

"எழுவதும் இருக்குதுங்களா மேடம்?"

அதிகாரி பக்கத்தில் நின்றிருந்தார். "எழுபதும் இருக்கு. நிதானமா தொட்டுப் பாருங்க" என்றேன். நாக்கு கூசவில்லை.

அவர் விரல் ஏறத் தொடங்கியது. உதடு எண்ணிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது, பிரேக்கை மிதிக்கிற மாதிரி. விருந்தினர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். உச்சியில் பலகை முடிகிற இடத்தில் விரல் நின்றது. மறுபடி கீழே வந்து ஆரம்பித்தார். மூன்றாவது தடவை மேலிருந்து கீழே இறங்கிப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"எனக்கு அறுவத்திரண்டுதான் வருது. மேடம் இருக்குதுன்னு சொன்னா இருக்கத்தான் செய்யும். எனக்குத்தான் மறந்து போச்சாட்ட இருக்குதுங்க."

வயசானால் அப்படித்தான், கவலைப்படாதீர்கள் என்று அதிகாரி அவரைத் தட்டிக்கொடுத்தார். நானும் தலையாட்டினேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாய்தளம் வரைக்கும் கூடப் போனேன். அவருடைய மனைவி பின்தங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தெனமும் காலையில கட்டில்ல உக்காந்து வண்டி ஓட்டுவாருங்க. காரவள்ளியில ஏறுனா செம்மேட்டுலதான் எறங்குவாரு. ஒரு வளைவு விடமாட்டாரு. கொஞ்ச நாளா ஆளுக பேரெல்லாம் மறக்குது. இதுவும் போயிருச்சோன்னு பயந்துதான் கெளம்பி வந்தாருங்க." அவர் ஏதோ பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தார். உள்ளே அதிகாரி என்னைக் கூப்பிட்டார், அதையே சாக்காக வைத்துத் திரும்பி நடந்தேன்.

விருந்தினர்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பும் வரை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். பிறகு தனியாக அந்த மேஜை முன்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினேன். அறுபத்திரண்டு. கண் தெரியாத ஒரு மனிதர் மூன்று தடவை சரியாக எண்ணிவிட்டு, தன் புத்தி கெட்டுவிட்டதாக நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். கூட வேலை பார்க்கிறவரின் ஸ்கூட்டரில் ஏறி செம்மேட்டுக்கு ஓடினேன்.

பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. டிரைவருக்குப் பின் சீட்டில் இருவரும் இருந்தார்கள். மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். பலகையில் எட்டு வளைவு இல்லை, நான்தான் விட்டேன், தெரிந்தே பொய் சொன்னேன் என்றேன். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். கோபமே இல்லை.

"எம்பட மனசு சங்கடப்படக் கூடாதுன்னு சொல்றீங்க. காலையில எழுவதுன்னீங்க, இப்ப அறுவத்திரண்டுங்கறீங்க. நான் எதைங்க நம்பறது?"

செருப்பால் அடித்திருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது. அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. நான் இறங்கவில்லை; அவர் மனைவி நகர்ந்து ஜன்னலோரம் இடம் கொடுத்தார். வளைவுக்கு வளைவு நம்பர் போர்டு இருக்கிறதே, நீங்கள் சொல்லிக்கொண்டே வாருங்கள், நான் படிக்கிறேன் என்றேன். அவர் தயங்கினார். "நம்பரு எனக்கும் தெரியும், நானும் பாக்கறேன்" என்றார் அவர் மனைவி. அதன் பிறகுதான் சம்மதித்தார்.

முதல் தடவையாக அந்தப் பாதையில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இறங்கினேன். பஸ் முதல் வளைவில் திரும்புவதற்குள் அவர் கால் அழுந்தியது. "எழுவது" என்று மெதுவாகச் சொன்னார். போர்டில் எழுபது. அடுத்தது அறுபத்தொன்பது. நான் படிக்கப் படிக்க அவர் மனைவி "ஆமாங்க" என்றார். அறுபதைத் தாண்டுவதற்குள் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வளைவுகளை அவர் மனைவியே படித்தார், ஒரு கையால் என் முதுகைத் தடவிக்கொண்டு. "இப்ப எடது பக்கம் பாறையில தண்ணி ஒழுகும் பாருங்க" என்றார் கணவர். ஒழுகியது. அது அங்கே இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு, "முப்பத்தெட்டு" என்றார். போர்டைக் காணோம். வளைவு முழுக்கத் தேடினேன், புதர்தான் இருந்தது. 'ஆமாம், முப்பத்தெட்டு' என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாய் வரை வந்தது. நல்ல மனதோடு சொல்கிற பொய்தானே. ஆனால் அவரிடம் இன்னொரு பொய்யைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. "போர்டு இல்லைங்க" என்றேன்.

சேலையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் முன் சீட்டுப் பக்கம் குனிந்து கேட்டார்.

"ஏனுங்க டிரைவர், நான் வண்டி ஓட்டறப்ப லாரிக்காரன் இடிச்சுத் தள்ளுன போர்டை இன்னுமா நடல?"

"இன்னும் நடலீங்ணா" என்றார் டிரைவர், ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமல்.

அடுத்த போர்டில் முப்பத்தேழு என்று இருந்தது. நான் சத்தமாகப் படித்தேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அம்மணி, எனக்கு ஒண்ணும் போகலீங்க" என்றார். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர். மீதி வளைவுகளை அவர் சத்தமாகவே சொன்னார். முன் சீட்டுக்காரர்கள் எல்லாரும் போர்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தார்கள்.

காளப்பநாயக்கன்பட்டியில் அவர்களை இறக்கிவிட்டபோது, அந்தப் பலகையை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"மாத்திருங்க அம்மணி. எனக்காக இல்லீங்க, எனக்கு ரோடு தெரியும். தெரியாதவன் ஒருத்தன் வருவான். கண்ணில்லாதவனுக்கு நீங்க சொல்றதுதானுங்க ரோடு" என்றார்.

மறுநாளே பலகையை எடுத்துவிட்டு, காரணத்தை எழுதி அதிகாரிக்கு அனுப்பினேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டு மாதம் அந்த மேஜை காலியாகவே கிடந்தது. தச்சர் புதிதாகச் செதுக்கியபோது கண் தெரியாத அந்த டிரைவர் மூன்று முறை மலையேறி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வளைவு இறுக்கம், எது அகலம் என்று விரலால் தடவிச் சரிசெய்தார். புதிய பாதையில் இரண்டு வளைவு ஒரே மாதிரி இல்லை. எழுபதும் இருக்கிறது.

இப்போது எனக்குச் சமவெளியில் வேலை. பழைய பலகை என் மேஜையடியில் இருக்கிறது. எந்தக் காரியத்திலாவது 'இதை யார் பார்க்கப் போகிறார்கள்' என்ற எண்ணம் தலைதூக்கினால், குனிந்து அதன் உச்சியில் விரலை வைக்கிறேன். என்னை நம்பியதால் தன்னையே சந்தேகப்பட்ட ஒரு மனிதரின் விரல் அந்த இடத்தில்தான் நின்றது.