ஸ்டியரிங்கின் வலது காது

அந்தக் காரின் ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால், இரண்டு பக்கமும் இரண்டு சின்னத் தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆட்டுக்குட்டியின் காது அளவுதான். நான் வேலை பார்த்த வீட்டு ஐயா, முசியே என்றுதான் கூப்பிடுவேன், அவற்றை இடது காது, வலது காது என்றே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு விரல்கள் ஒல்லி. ஈரத்துணியைச் சுட்டுவிரலில் சுற்றி அந்தக் காதுகளின் பின்புறத்தைத் துடைப்பது தினமும் என் வேலை. முசியே சாப்பிட்ட கையின் வெண்ணெய், வேர்வை, சுருட்டுச் சாம்பல் எல்லாம் அங்கே பிசுக்காக அப்பிக் கிடக்கும். வைத்திக்குப்பத்தில் பிறந்து, மீன் குடலிலேயே கைவைத்து வளர்ந்தவள் நான். எந்த நாற்றத்துக்கும் முகம் சுளித்ததில்லை. அந்தப் பிசுக்கைத் தொட்டால் மட்டும் எனக்குக் குமட்டும்.

முசியே நம்ம ஊர்க்காரர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு, இரண்டாயிரத்துக்குப் பிறகு மனைவியோடு திரும்பி வந்தார். கூடவே கப்பலில் அந்தச் சிவப்புக் காரும் வந்தது. அந்த நாட்டு வண்டி என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால் இரண்டு பேர் வசதியாக உட்காரலாம், பின்னால் மூட்டை வைக்கிற மாதிரி ஓர் இடுக்கு. அவர் மனைவியை நான் மதாம் என்று கூப்பிடுவேன். மதாமுக்கு இழுப்பு நோய். குளிர்காலத்தில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருப்பார். நான் சமைத்து, துணி துவைத்து, வீடு பெருக்கி வந்தேன். யார் முன்னாலும் நின்று பேச எனக்கு வராது. கேட்டால் தலையாட்டுவேன், இல்லையென்றால் அடுப்படிக்குள் போய்விடுவேன். அதனாலேயோ என்னவோ, முசியே காரைப் பற்றிப் பேசுவதெல்லாம் என்னிடம்தான்.

அது கியர் தானாக மாறுகிற வண்டியாம். ஆனால் தானாக மாற விட்டால் அவருக்குப் பிடிக்காது. "கால அமுக்குனா யோசிச்சிட்டுத்தான் கெளம்புது. நான் அமுக்குன ஒடனே அது கேக்கணும், புரியுதா?" என்பார். அதற்குத்தான் காதுகள். இடது காதை இழுத்தால் கியர் இறங்கும், இஞ்சின் உறுமும், அதற்குப் பிறகு கால் வைத்த நொடியே வண்டி பாயும். வலது காதை இழுத்தால் கியர் ஏறும், சத்தம் அடங்கும். காலையில் வாசலில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டே உறுமவிடுவார். புகை நேராக மதாமின் ஜன்னலுக்குள் போகும். உள்ளே அவர் இருமுவார். கார் அரை நொடி யோசித்தாலே பொறுக்காத மனுஷன், அந்த இருமலைக் கேட்டு ஒரு நாள்கூடக் காலை எடுத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது மதாமுக்கு இழுப்பு வந்தது. வாயில் அடிக்கிற மருந்து தீர்ந்திருந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன். முசியே தடுத்தார். தன் வண்டி அஞ்சே நிமிஷத்தில் போய்விடும் என்றார். கையை முழுசாகக் கழுவக்கூட நேரமில்லை. பின்னால் அந்த இடுக்கில் நுழைந்து, முன் ஸீட்டில் இருந்த மதாமின் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு முதலியார்பேட்டையில் திரும்ப வேண்டும். தேங்காய்த்திட்டுக்கு மீன் வாங்கப் போகிற எனக்கு அந்த வழி தலைகீழ்ப் பாடம். வண்டி திரும்பவில்லை.

கடை எல்லாம் சாத்தியிருந்தது. அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் ரோடு காலி. "ரெண்டே நிமிஷம். இப்பிடி ரோடு எப்பவும் கெடைக்காது. எப்பிடிக் கேக்குது பாரு," என்று சொல்லி இடது காதை இழுத்தார். வண்டி குதித்தது. மதாமின் தலை பின்னால் போய் மோதியது. மறுபடி இழுத்தார். மதாம் பேச முடியாமல் என் கையைத் தட்டினார். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். நான் அவர் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பாலத்தின் நடுவில்தான் என் கை போனது. இரண்டு ஸீட்டுக்கும் நடுவே எட்டி, கிட்டத்தில் இருந்த வலது காதை இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன். சத்தம் அடங்கியது. அவர் காலை அமுக்க அமுக்க, வண்டி சோம்பலாக முனகியது.

முசியே ஓரமாக நிறுத்தினார். மதாமைப் பார்க்கவில்லை. சக்கரத்தைத்தான் பார்த்தார். அதில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

"எங்க கைய வக்கிற நீ? மீன் கைய?"

மதாம் கதவைத் திறந்து கீழே இறங்கினார். மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, "நீங்க ஓட்டிட்டு வாங்க. நாங்க ஆட்டோல போறோம்," என்றார். அந்த நிலையிலும் மரியாதை குறையவில்லை. அரியாங்குப்பத்திலிருந்து வந்த ஆட்டோ ஒன்று நின்றது. டிரைவர் எதையும் கேட்காமல் ஹாரனில் கைவைத்தபடி பறந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் மதாமின் துணிமணி எடுக்க வீட்டுக்குப் போனேன். முசியே வாசலில் காரோடு நின்றிருந்தார். கையில் புதுத்துணியும் டெட்டாலும். "அந்தக் காத நல்லாத் தொடச்சிடு. ராத்திரியெல்லாம் நாத்தம்." மதாம் எப்படி இருக்கிறார் என்று கேட்பார் என நின்று பார்த்தேன். கேட்கவில்லை. துணியை வாங்கினேன். துடைக்காமல் அப்படியே ஸ்டியரிங்கின் வலது காதில் மாட்டிவிட்டேன். "மதாமுக்கு மூச்சு வந்துடுச்சு, முசியே," என்றேன். அத்தனை வருஷத்தில் அவர் கேட்காமல் நானாகச் சொன்னது அது ஒன்றுதான்.

மதாம் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. அரியாங்குப்பத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார், இழுப்போடுதான். நானும் அந்த வேலையை விட்டு, கால் ஓய்கிற வரை மீன் விற்றேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குச் சங்கரா வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போகிறேன். பழைய பஸ். டிரைவர் முழுக்கையால் கியரைத் தள்ளினால், அது நிதானமாக யோசித்துத்தான் நகர்கிறது. ஆனால் இறக்கம் என்று யார் சொன்னாலும் நிற்கிறது. பாலம் வந்ததும் என் சுட்டுவிரல் தானாக மடங்கும். முசியேவின் பிசுக்கைச் சோப்புப் போட்டு அன்றைக்கே கழுவிவிட்டேன். திருப்பத்தைத் தாண்டி, பாலத்தின் நடு வரைக்கும், மதாம் மூன்று தரம் தட்டியும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேனே, அந்தப் பிசுக்குதான் எந்தத் துணிக்கும் வரமாட்டேன் என்கிறது.