படிக்க வேண்டிய புத்தகம்

வார இதழ் அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'முன்னுரை'. தன்வரலாறு, பயணக் குறிப்பு என்று மதிப்புரைக்கு எது வந்தாலும் அவர் மேசையில்தான் விழும். முன்னுரையைப் படிப்பார், பின்னட்டையைத் திருப்புவார், நடுவில் எங்காவது விரலை விட்டு ஒரு பக்கம் பார்ப்பார். மதிப்புரை தயார்.

அதற்காக அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. எப்போதாவது முழுக்கப் படித்ததை நல்ல புத்தகம் என்றோ சுமாரான புத்தகம் என்றோ எழுதுவார். படிக்காததை மட்டும் 'இது படிக்க வேண்டிய புத்தகம்' என்று முடிப்பார். அவர் இன்னும் படிக்க வேண்டிய புத்தகம். எழுதியவர்கள் அந்த வரியை வெட்டி, சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள்.

வரியின் சூட்சுமம் தெரிந்த ஒரே ஆள் அவருடைய மனைவி. தொலைபேசி இணைப்பகத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரார் பேச்சை ஊராரோடு கோத்துவிட்டே ஓய்வு பெற்றவர். அந்த நாட்களை எழுதினார். ஒரு சின்னப் பதிப்பகம் அச்சிட்டது. அதுவும் வழக்கம்போல் முன்னுரையின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

"வீட்டுக்காரம்மா புத்தகம். நான் எழுதினா நல்லாவா இருக்கும்?" என்று ஆசிரியரிடம் தயங்கினார்.

"நீங்கதான் படிக்கப் போறதில்லையே சார். பாரபட்சத்துக்கு எடம் ஏது?"

வீட்டில் மனைவி ஒன்றுதான் சொன்னார். "அந்த வரி என் புத்தகத்துக்கும் வந்துச்சுன்னா பாத்துக்குங்க."

"என்ன பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். இனிமே உங்ககிட்ட எதையும் சொல்ல மாட்டேன்."

அது தண்டனையா சலுகையா என்று ஒரு கணம் யோசித்தார். யோசித்த வேகத்தில் பயம் வந்துவிட்டது. மறுநாளே அலுவலகத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஒரு புத்தகத்தை முழுசாகப் படிப்பதை மற்றவர்கள் பார்த்தால் மானம் போய்விடுமே என்று, ஏதோ பயண நூலின் அட்டையைக் கழற்றி இதற்குப் போட்டுக்கொண்டார்.

பாதியில் மாட்டினார். கல்யாணமான புதிதில், வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த கணவர் ஒரு நண்பருக்கு டிரங்க் கால் போட்டாராம். அது மனைவியின் கை வழியாகத்தான் போனதாம். 'அவ பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாடா. நான் தலைய ஆட்டிக்கிட்டே வேற எதையாவது நெனச்சுக்குவேன்' என்றாராம். 'மூன்று நிமிடம் முடிந்தது, நீட்டிக்கவா என்று குறுக்கே கேட்டேன். என் குரல் அவருக்குத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தார்.

புத்தகத்தைக் கடைசி வரை படித்தார். அந்தப் பக்கத்தைத் தொடாமல் மதிப்புரை எழுதி, 'நல்ல புத்தகம்' என்று முடித்துக் கொடுத்தார்.

அச்சுக்குப் பக்கம் கட்டுகிறவருக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்திருக்கிறது. வழக்கமான வரியைக் காணோம். மறந்துவிட்டார் போல என்று, அதைக் கொட்டை எழுத்தில் தலைப்பாகவே வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி இதழைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் போட்டார்.

"ஆக, படிக்கல."

"தலைப்பு நான் வைக்கல. பக்கம் கட்டறவன் பண்ண வேலை. சத்தியமாப் படிச்சேன்."

"அப்ப சொல்லுங்க, என்ன எழுதியிருக்கேன்?"

இணைப்புப் பலகையின் சூட்டைச் சொன்னார். தலையணியின் கனத்தைச் சொன்னார். சதா கடிந்துகொண்டே இருந்த மேற்பார்வையாளரைச் சொன்னார்.

"இதெல்லாம் முன்னுரையிலயே இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். வேறு வழி இல்லை.

"மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவான்னு கேட்டே. 'நீட்டுங்க மேடம்'னு சொன்னேன்."



"மேடம்னு சொன்னத நான் எழுதலையே."

"எழுதல. படிச்சப்புறம் ஞாபகம் வந்துது."

மனைவி நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார். இதழை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, அந்த அழைப்புக்குப் பிறகு அன்றைக்கு என்ன நடந்தது என்று, புத்தகத்தில் இல்லாததைச் சொல்ல ஆரம்பித்தார். பழக்கதோஷத்தில் அவர் தலை ஆடத் தொடங்கியது. கையை முகவாயில் கொடுத்து அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.